ஒரே மாதிரி மூன்று ‘ஓ’

போன வருடம் ஒரு சோப்பு டப்பாவுக்குள் வைக்கும் அட்டை ஒன்றை வடிவமைத்துக் கொடுத்தேன். வீட்டிலேயே சோப்பு செய்து விற்கும் பெண் அவள். டப்பாவைத் திறந்ததும் மேலாக ஒரு சின்ன அட்டை இருக்க வேண்டும், அதில் ஆங்கிலத்தில் ‘ஸீ யூ ஸூன்’ என்று மூன்றே சொல்.

“நானே உட்கார்ந்து எழுதின மாதிரி இருக்கணும்க்கா. ஆனா என் கையெழுத்து வேண்டாம், கோழி கிளறின மாதிரி இருக்கும்” என்றாள்.

இந்தத் தொழிலில் பதினைந்து வருடம் ஆகிறது. ‘கையால் எழுதின மாதிரி, ஆனால் கையால் எழுதாமல்’ என்று யாராவது கேட்காத மாதமே இல்லை. இலவசமாகக் கிடைத்த ஒரு கூட்டெழுத்து ஃபாண்டை (எழுத்தெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஓடுவது) இறக்கினேன், மூன்று சொல்லையும் அடித்தேன், லேசாகச் சாய்த்தேன், அரைமணி நேரத்தில் அனுப்பிவிட்டேன். அட்டையும் அச்சாகி வந்துவிட்டது.

இரண்டு வாரம் கழித்துப் போன் செய்தாள். சோப்பு வாங்கிய ஒருவர் அட்டையைப் படம் எடுத்து, அதில் வரும் மூன்று ‘ஓ’வையும் சிவப்பில் வட்டம் போட்டு அனுப்பியிருக்கிறார். கூடவே ஒரு வரி: “மூணும் ஒரே ஓ. மெஷின் எழுதினதுதானே?”

அவர் கோபப்படவில்லை, கிண்டல்தான். ஆனால் அந்தப் படத்தை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘ஸூன்’ என்ற சொல்லில் இரண்டு ‘ஓ’ அடுத்தடுத்து வருகிறது. இரண்டிலும் தலைப்பக்கம் ஒரு சின்னக் கொக்கி. அது கொஞ்சம் நடுங்கி, பேனா தயங்கின மாதிரி இருக்கும். அந்த நடுக்கம்தான் ஃபாண்டின் அழகு என்று நினைத்துத்தான் அதைத் தேர்ந்தெடுத்திருந்தேன். அதே நடுக்கம், அதே இடத்தில், இரண்டு முறை. ‘யூ’ என்ற சொல்லின் நடுவில் மூன்றாவது முறை. ஒரு மனுஷி தற்செயலாக ஒரே இடத்தில் மூன்று தடவை தடுக்கி விழுவாளா?

மற்ற ஃபாண்டுகளில் எது குணமோ, அது இங்கே குற்றம். புத்தகத்தில் ஓடும் எழுத்தில் ஒவ்வொரு ‘ஓ’வும் அச்சு அசல் ஒன்றாக இருந்தால்தான் கண் இடறாமல் போகும். கையெழுத்து ஃபாண்டில் அதே ஒற்றுமைதான் குட்டை உடைக்கிறது. எழுத்தின் ஓரத்தைச் சொரசொரப்பாக்கி, மை தெறித்த மாதிரி புள்ளி வைத்து அலங்கரிக்கும் ஃபாண்டுகள் இதில் இன்னும் மோசம். ஒவ்வொரு ‘ஏ’வுக்கும் இடது தோளில் ஒரே மச்சம் இருக்கும். நாலு சொல் படித்ததும் அந்த மச்சங்கள் மட்டும்தான் தெரியும்.

அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, ‘இதை நானே செய்தால் என்ன’ என்று ஆரம்பித்தேன். என் கையெழுத்தையே ஃபாண்டாக்குவது. பதினோரு வார இறுதிகள் போயின.

முதல் இரண்டு வாரம் முழுக்க வீண். ஃபெல்ட் பேனாவை எடுத்து, கோடு போட்ட தாளில் ‘ஏ’ முதல் ‘இசட்’ வரை ஒவ்வொன்றையும் முப்பது தடவை எழுதினேன். ஸ்கேன் செய்து, நல்லதாக ஒன்றைப் பொறுக்கி, ஓரம் வரைந்து, ஃபாண்ட் மென்பொருளில் ஏற்றி, ஒரு வாக்கியம் அடித்துப் பார்த்தால், அது என் கையெழுத்தே இல்லை! ஸ்டுடியோவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களின் பாஸ்போர்ட் படங்களை வரிசையாக ஒட்டிவைத்தது போல இருந்தது. தனியாக எழுதும்போது எழுத்து விறைத்துக்கொள்கிறது. கூட்டெழுத்துக்கு ஆங்கிலத்தில் சொல்லும் ‘கர்சிவ்’ என்ற சொல்லே லத்தீனில் ‘ஓடுவது’ என்பதிலிருந்து வந்தது. ஓடுகிறவரை நிற்கவைத்துப் படம் எடுத்தால் ஓட்டம் எப்படி வரும்?

பிறகு எழுத்துகளை விட்டுவிட்டுச் சொற்களாக எழுதினேன். கடிதம் எழுதுகிற வேகத்தில், என்ன எழுதுகிறோம் என்று யோசிக்காமல், பத்துப் பன்னிரண்டு பக்கம். அப்புறம் அந்தச் சொற்களிலிருந்து எழுத்துகளை வெட்டி எடுத்தேன். இப்போது ‘ஏ’க்களில் சில ஒல்லி, சில தொப்பை, ஒன்று வாயே மூடவில்லை. ஆனால் எல்லாவற்றிலும் கை இருந்தது.

அடுத்தது இணைப்பு. இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசப்போகிறேன், ஏனென்றால் கூட்டெழுத்து ஃபாண்டின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ஒரு எழுத்து முடியும் வாலும் அடுத்த எழுத்து தொடங்கும் மூக்கும் ஒரே உயரத்தில், ஒரே சாய்வில், ஒரே தடிமனில் சந்திக்க வேண்டும். பெரும்பாலான எழுத்துகள் அடிக்கோட்டுக்குப் பக்கத்தில் முடிகின்றன: ‘ஏ’, ‘ஈ’, ‘என்’, ‘யூ’ எல்லாம் நல்ல பிள்ளைகள். வம்பு செய்கிறவர்கள் நான்கு பேர்: ‘ஓ’, ‘வி’, ‘டபிள்யூ’, சின்ன ‘பி’ (‘ஏ’க்கு அடுத்து வருவது). இவை நால்வரும் மேலே முடிகிறவர்கள். ‘ஓ’வைச் சுற்றி முடித்ததும் பேனா உச்சியில் நிற்கிறது. அடுத்த எழுத்தோ, வால் கீழே வரும் என்று காத்திருக்கிறது. அப்படியே ஒட்டினால் காற்றில் ஒரு விரிசல். இல்லையென்றால் ‘ஓ’விலிருந்து ஒரு சறுக்குமரம் போட்டு இறங்க வேண்டும், அப்போது ‘ஓ’ கிட்டத்தட்ட ‘ஏ’ ஆகிவிடும்.

இப்போது அந்த அட்டையை நினைத்துப் பாருங்கள். ‘யூ’வில் ‘ஓ’வுக்குப் பின் ‘யூ’ எழுத்து. ‘ஸூன்’னில் ‘ஓ’வுக்குப் பின் ‘ஓ’, அதற்குப் பின் ‘என்’. மூன்று சொல்லில் மூன்று இடத்தில் அதே வம்பு. நான் பயன்படுத்திய இலவச ஃபாண்ட் அதற்குக் கண்டுபிடித்த வழிதான் அந்தக் கொக்கி.

நான் எடுத்த வழி இது: சின்ன எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் இரண்டாவது ஒரு உருவம், மேலேயிருந்து நுழைகிற மாதிரி. முன்னால் இந்த நால்வரில் யாராவது வந்தால் ஃபாண்ட் தானாகவே இரண்டாவது உருவத்துக்கு மாறிக்கொள்ளும். இதைச் செய்ய ஓப்பன்டைப் என்ற ஃபாண்ட் கோப்பு வடிவத்தில் இடம் இருக்கிறது. 1996இல் மைக்ரோசாஃப்ட்டும் அடோபியும் சேர்ந்து அறிவித்த வடிவம் அது. ‘காண்டெக்ஸ்சுவல் ஆல்டர்னேட்ஸ்’ என்று மெனுவில் பார்த்திருப்பீர்கள், அக்கம்பக்கம் பார்த்து உரு மாறுவது. ‘ஓ’ பிரச்சினைக்கும் அதே மருந்துதான். ஒவ்வொரு எழுத்துக்கும் மூன்று உருவம் வரைந்து வைத்துக்கொண்டு, ‘பக்கத்தில் இதே எழுத்து ஏற்கனவே வந்திருந்தால் அடுத்த உருவத்தைப் போடு’ என்று விதி எழுதிவிட்டேன். மூன்று போதுமா என்றால், சின்ன வாக்கியத்துக்குத் தாராளம். பத்தி பத்தியாக ஓட்டினால் ஐந்து வைத்தாலும் மாட்டிக்கொள்வோம்.

கம்ப்யூட்டருக்கு முந்தைய காலத்தில் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்று யோசித்தால் மலைப்பாக இருக்கிறது. ஈய எழுத்து ஒவ்வொன்றும் தனிக்கட்டை. ஒரு கட்டையின் ஓரத்தில் முடியும் கோடு, அடுத்த கட்டையின் ஓரத்தில் தொடங்கும் கோட்டோடு மயிரிழை பிசகாமல் ஒட்ட வேண்டும், அதுவும் எந்தக் கட்டை எதன் பக்கத்தில் வந்தாலும். பிரெஞ்சுக்காரர் ரோஜே எக்ஸ்கோஃபோன் அதைச் செய்துகாட்டினார். மார்செய் நகரத்தின் ஒலிவ் எழுத்து வார்ப்பகத்துக்காக 1953இல் அவர் செய்த ‘மிஸ்ட்ரல்’ அவருடைய சொந்தக் கையெழுத்தை வைத்து உருவானது. தெற்கு பிரான்சில் அடிக்கும் பலத்த குளிர்காற்றின் பெயர் அது. மைக்ரோசாஃப்ட் ஆபீஸோடு வந்துகொண்டிருந்ததால் நீங்களும் பார்த்திருப்பீர்கள், பெயர் தெரியாமலே. எழுத்துகள் ஒரே கோட்டில் அடங்கி உட்காராது, ஒன்று ஏறும், ஒன்று இறங்கும், ஆனால் கோடு அறுந்தே போகாது. அதில் தானாக உரு மாறும் விதி கிடையாது. நான் பதினோரு வாரம் கணினியை வைத்துக்கொண்டு செய்ததை அந்த மனுஷர் ஈயத்தில் செய்திருக்கிறார் என்று நினைத்தால் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருக்கிறது.

எனக்குத் தைரியம் கொடுத்தது இன்னொரு ஃபாண்ட். நான் இடக்கைக்காரி. எழுதும்போது உள்ளங்கை மையைத் தேய்த்துக்கொண்டே போகும், எழுத்து பின்பக்கமாகச் சாயும். ‘இதையெல்லாம் யார் ஃபாண்டாக வைத்துக்கொள்வார்கள்’ என்று பாதியில் நிறுத்திவிட்டேன். அப்போதுதான் நெதர்லாந்துக்காரர்களான எரிக் வான் பிளோக்லாண்டும் யுஸ்ட் வான் ரோசுமும் 1990களின் தொடக்கத்தில் ஜோடியாக வெளியிட்ட கையெழுத்து ஃபாண்டுகள் கண்ணில் பட்டன. ஒன்றின் பெயர் ‘எரிக்ரைட்ஹேண்ட்’, மற்றது ‘யுஸ்ட்லெஃப்ட்ஹேண்ட்’. ஒருவர் வலக்கை, மற்றவர் இடக்கை, ஒளிவுமறைவே இல்லை. (யுஸ்ட், பைத்தான் என்ற கணினி நிரல் மொழியை உருவாக்கிய கீடோ வான் ரோசுமின் தம்பி. ஃபாண்ட் விதிகளைச் சோதிக்க நான் எழுதிய குட்டி நிரல்கள் எல்லாம் பைத்தான்தான். ஒரே வீட்டுக்கு இரண்டு நன்றிக்கடன்.)

சரி, ஃபாண்ட் தயார். எங்கே போடுவது?

எனக்கு மிகப் பிடித்த இடம் ஓரக்குறிப்பு. ஒரு வரைபடம், ஒரு புகைப்படம், ஒரு வரவுசெலவு அட்டவணை; எல்லாம் சாதாரண நேர் எழுத்தில். அதன் ஒரு மூலையில் வளைந்த ஒரு அம்புக்குறி, பக்கத்தில் கையெழுத்தில் நாலு சொல்: ‘இங்கேதான் தப்பு நடந்தது’. படிக்கிறவருக்கு யாரோ தோளுக்குப் பின்னால் நின்று விரலால் சுட்டிக்காட்டுவது போல இருக்கும். நேர் எழுத்து அறிவிக்கும், கையெழுத்து பேசும். இரண்டும் ஒரே பக்கத்தில் இருந்தால்தான் அந்த வித்தியாசத்துக்கு வேலை. பக்கம் முழுக்கக் கையெழுத்தாக்கினால் பேசுகிறவர் யார், அறிவிக்கிறவர் யார் என்றே தெரியாது.

அட்டைகள், அழைப்பிதழ், பரிசுப் பொட்டலத்தின் மேல் தொங்கும் சீட்டு, புத்தக அட்டையில் ஒரு சொல், கடிதத்தின் கீழே பெயர். இதெல்லாம் எல்லாரும் செய்வதுதான், நன்றாகவே இருக்கும். ஒரு மூச்சில் சொல்லி முடிக்கக்கூடிய அளவு என்பது என் கணக்கு. அதற்கு மேல் போனால் ஃபாண்ட் மூச்சு வாங்க ஆரம்பிக்கும்.

நடைமுறையில் சில சங்கதிகள். இந்த ஃபாண்டுகளில் சின்ன எழுத்தின் உடம்பு குள்ளமாகவும் கையும் காலும் நீளமாகவும் இருக்கும். அதனால் பக்கத்தில் உள்ள நேர் எழுத்தைவிட கால் பங்காவது பெரிதாக்கினால்தான் இரண்டும் ஒரே அளவாகத் தெரியும். வரி இடைவெளியை எண்ணை நம்பி வைக்காதீர்கள், மேல்வரி ‘ஜி’யின் வால் கீழ்வரி ‘எல்’லின் தலையில் மாட்டிக்கொள்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பெரிய எழுத்துகளை மட்டும் வைத்து ஒரு சொல் அடிக்கவே கூடாது. அவை சொல்லின் முதலில் நிற்பதற்காக வரைந்தவை, வரிசையாக நிறுத்தினால் ஆளுக்கு ஆள் முழங்கையால் இடித்துக்கொள்ளும். எழுத்து இடைவெளியைக் கூட்டினால் சங்கிலி அறுந்துவிடும். இணையப் பக்கத்தில் இன்னொரு வம்பு: தலைப்புகளுக்கெல்லாம் மொத்தமாக எழுத்து இடைவெளி கொடுத்து வைத்திருப்பார்கள், அது இதற்கும் சேர்ந்தே வரும், ‘ஃபாண்ட் உடைந்துவிட்டது’ என்று எனக்குப் போன் வரும். அந்த ஒரு வரியைப் பூஜ்யமாக்கினால் சரியாகிவிடும்.

எண்களுக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். போன் நம்பர், முகவரி, தேதி, மருந்தின் அளவு. ஒன்றும் ஏழும் அண்ணன் தம்பி ஆகிவிடும்.

மன்னிப்புக்கும் வேண்டாம் என்பேன். ஒரு நிறுவனம் தன் வாடிக்கையாளர்களிடம் வருத்தம் தெரிவித்து ஒரு அறிவிப்பு வெளியிட்டது. முழுக் கடிதமும் கூட்டெழுத்தில் வேண்டும், ‘மனசுக்குப் பக்கத்தில் இருக்கும்’ என்றார்கள். பதினாறு வரி. நாலாவது வரிக்குள் அதே ‘ஈ’ பத்துத் தடவை வந்துவிட்டது. வருத்தத்தை அச்சுவார்த்து ஊற்றியது போல இருந்தது. நேர் எழுத்தில் போட்டு, கீழே ஒருவர் நிஜமாகவே பேனா எடுத்துக் கையெழுத்துப் போடட்டும் என்றேன். வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள்.

இன்னொரு சறுக்கல் முழுக்க முழுக்க என்னுடையது. ஒரு தோழி தன் பெயரை அக்ரிலிக்கில் வெட்டி மேஜைமேல் நிறுத்த ஆசைப்பட்டாள். கூட்டெழுத்து இதற்குப் பொருத்தம், எழுத்தெல்லாம் ஒட்டியிருப்பதால் ஒரே துண்டாக நிற்கும் அல்லவா. என் ஃபாண்டில் அடித்து, கோட்டுருவாக மாற்றி, லேசர் வெட்டுகிறவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். மாலையில் அவர் போன் செய்தார். “மேடம், எல்லாம் தனித்தனியா வந்துருக்கு.”

விஷயம் இதுதான். திரையில் ஒட்டியிருப்பது போலத் தெரிந்தாலும் ஒவ்வொரு எழுத்தும் தனி வடிவம், ஒன்றின் வால் மற்றதன் மேல் ஏறிப் படுத்திருக்கிறது, அவ்வளவே. இரண்டும் கறுப்பு என்பதால் கண்ணுக்குத் தெரியாது. லேசருக்குத் தெரியும், ஒவ்வொரு எழுத்தின் ஓரத்தையும் முழுசாக வெட்டிவிடும். அனுப்பும் முன் எல்லா வடிவத்தையும் ஒன்றாக இணைத்திருக்க வேண்டும், ஒரே ஒரு கட்டளை. நிறத்தைக் கொஞ்சம் ஒளி ஊடுருவும்படி வைத்தாலோ எழுத்தைச் சுற்றி ஓரக்கோடு போட்டாலோ அச்சிலும் இதே கதைதான், மூட்டுக்கு மூட்டு முடிச்சு தெரியும். தோழி அந்த ஏழு துண்டுகளையும் இன்னும் ஒரு டப்பாவில் வைத்திருக்கிறாள், என்னைக் கேலி செய்ய.

நிஜப் பேனாவைப் பிடித்து எழுதும் பிளாட்டர் எந்திரம் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சாதாரண ஃபாண்டைக் கொடுத்தால் அது எழுத்தின் நடுவில் ஓடாது, ஓரத்தைச் சுற்றிச் சுற்றி வரையும், உள்ளே காலியான எழுத்து வரும். அதற்கு ஒற்றைக்கோட்டு ஃபாண்ட் வேண்டும். 1967இல் ஆலன் ஹெர்ஷி அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் உருவாக்கிய ஹெர்ஷி எழுத்துகளில் ஒரு கூட்டெழுத்தும் உண்டு, இன்றும் ஓடுகிறது.

உரிமம் பற்றி ஒரே ஒரு விஷயம். ‘இலவசம்’ என்று போட்டிருந்தால் அதற்குக் கீழே பொடி எழுத்தில் ‘சொந்த உபயோகத்துக்கு மட்டும்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். அந்தச் சோப்பு அட்டையில் நான் போட்ட ஃபாண்டு அப்படிப்பட்டதுதான் என்பது மூன்று ‘ஓ’வையும் திரும்பப் பார்க்கப் போனபோதுதான் தெரிந்தது. வரைந்தவருக்கு எழுதி, பணம் கட்டினேன். ‘எஸ்ஐஎல் ஓப்பன் ஃபாண்ட்’ உரிமத்தில் வருபவை என்றால் வியாபாரத்துக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம், ஃபாண்டை மட்டும் தனியாக விற்கக்கூடாது.

“தமிழில் எப்போ?” என்று கேட்பீர்கள். தாரிக் அசீஸ் வடிவமைத்த ‘கவிவாணர்’ கூகுள் ஃபாண்ட்ஸில் இருக்கிறது, சாய்ந்த கையெழுத்துச் சாயல், நான் அடிக்கடி எடுப்பது. ஆனால் தமிழில் சிக்கலே வேறு. நம் எழுத்துகள் ஒன்றோடொன்று கைகோர்ப்பதில்லை. வேகம் வேறு வழியில் வெளிப்படும். வேகமாக எழுதினால் ‘ண’வின் சுழிகள் ஒன்றுக்குள் ஒன்று கரையும், ‘ந’வின் மூலை வளையும், புள்ளி புள்ளியாக இருக்காது, சின்னக் கீற்றாகி அடுத்த எழுத்தின் தலைமேல் போய் உட்காரும். என் பழைய நோட்டுகளைப் புரட்டினால் ‘ன்’னின் புள்ளி எப்போதும் அரை எழுத்து தள்ளியே இருக்கிறது. ஃபாண்டில் அந்தப் புள்ளியை அப்படி நகர்த்திப் பார்த்தேன். உடனே என் கையெழுத்து ஆகிவிட்டது! ஆனால் அடுத்த எழுத்தில் ஒரு ‘கி’ வந்தால் அதன் மேல்வளைவில் முட்டுகிறது. அதற்கும் விதி எழுத வேண்டும். எழுதிக்கொண்டிருக்கிறேன், எப்போது முடியும் என்று கேட்காதீர்கள்.

சோப்பு அட்டை மறுபடி அச்சானது. இந்த முறை மூன்று ‘ஓ’வும் மூன்று விதம். முதலாவது வாய் திறந்திருக்கும், இரண்டாவது கொஞ்சம் நசுங்கினது, மூன்றாவது ‘என்’னுக்குள் அவசரமாக ஓடுவது. சிவப்பு வட்டம் போட்டவரிடமிருந்து தகவல் எதுவும் இல்லை. கவனித்தாரா என்றுகூடத் தெரியாது, கவனிக்காமல் இருப்பதற்காகத்தானே இத்தனையும்.

போன வாரம் அவள் மறுபடி கூப்பிட்டாள். “அக்கா, அடுத்த அட்டையில ‘யுவர்ஸ்’னு மட்டும் போட்டு கீழ என் பேர். அஞ்சு நிமிஷ வேலைதானே?”

அடித்துப் பார்த்தேன். ‘ஓ’வும் ‘யூ’வும் பிரமாதமாக ஒட்டிக்கொண்டன. ‘யூ’விலிருந்து ‘ஆர்’ வழுக்கிக்கொண்டு போயிற்று. ‘ஆர்’ தோளை ஒரு குலுக்கு குலுக்கிவிட்டு மேலேயே நின்றது, ‘எஸ்’ கீழேயிருந்து ஏறி வந்து அதன் விலாவில் இடித்தது. வம்பு செய்கிறவர்கள் நால்வர் என்று மேலே எழுதியிருக்கிறேன், அதை ஐந்து என்று திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். ஃபெல்ட் பேனாவை எடுத்து வைத்திருக்கிறேன், இன்று ராத்திரி பக்கம் முழுக்க ‘யுவர்ஸ்’ எழுத வேண்டும், என்ன எழுதுகிறேன் என்று யோசிக்காமல்.